அலைவாய்க் கரையும் தூண்டிலும்

நம் அத்திபெலேக்கும் கடலுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. கிழக்கே சென்னைக் கடற்கரை 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மேற்கே மங்களூர் அதனினும் தொலைவு. ஏரிக்கரையில் மூங்கிற் கோலுடன் குந்தியிருப்பாரை நம் குழந்தைகள் கண்டிருக்கலாம். அலை வந்து காலை நனைக்கும் கரையில் நின்று தூண்டில் வீசுவாரைக் கண்டிரார். ஆயினும், நம் சங்கத்துக் குடும்பங்களில் நாகை, கடலூர், தூத்துக்குடிப் பக்கங்களினின்றும் வந்தோர் ஒரு சிலரல்லர். ஊரார் அத்திப்பள்ளி என்று கூறும் இம்மேட்டு நிலத்தில் குடியேறிய பின்னரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிழங்கான் கிடைக்குமா, காலா கிடைக்குமா என்று சந்தையில் தேடுபவர் அவர்களே.

சென்ற ஆண்டு செயற்குழுக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது எழுந்த ஒரு பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம். நம் காலனி இளைஞர் ஒருவர் வெளிநாட்டுத் தூண்டிற்கோல் ஒன்று வாங்கியிருந்தார். கோழியிறகையும் மயிரையும் முள்ளில் கட்டிப் பூச்சிபோலவும் சிறுமீன்போலவும் தோன்றச் செய்து, அதனை வீசி மீன் பிடிக்கும் கோல் அது. அனைவரும் அதனைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தோம். அப்போது, நன்கு படித்தவரான நண்பர் ஒருவர், “இன்பத்திற்காக மீன் பிடிப்பது வெள்ளைக்காரன் கொடுத்த பழக்கம், நம்மவர் வயிற்றுக்காகத்தான் பிடித்தனர், அவர்களுக்கு இதில் கலையேது?” என்று அறுதியிட்டு உரைத்தார். யான் அன்று விடையிறுக்கவில்லை. விடை என்னிடம் இல்லை என்பதே உண்மை. பின்னர், விடுமுறை நாட்களில் நூலகங்களில் அமர்ந்து தேடியதன் பயனே இங்கு எழுதுவது. நண்பரின் கூற்றில் ஒரு பகுதி மெய் என்பதையும் முடிவில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது வருமிடத்தில் கூறுவேன்.

முதலில் இறகுத் தூண்டில் என்பது யாதெனக் காண்போம். நாம் அறிந்த தூண்டிலில் முள்ளில் புழுவோ இறாலோ கோத்திருக்கும். ஈயக் குண்டின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு சென்று நீரில் விழும். இறகுத் தூண்டிலிலோ முள்ளுக்குப் பாரமே இல்லை. ஓர் இறகின் எடையை எவ்வளவு வலிந்து வீசினும் எட்டடி செல்லாது. எனவே, பாரத்தைக் கயிற்றிலேயே வைத்தார்கள். தடித்த கயிறு தலைக்குமேல் பின்னும் முன்னும் சாட்டைபோல் சுழன்று, தன் விசையால் நுனியிலுள்ள இறகைத் தூக்கிச் செல்லும். மீன் ஏமாறுவது மணத்தாலன்று, தோற்றத்தால்.

இது மிகப் பழைய முறை. கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் ரோமாபுரியில் வாழ்ந்த ஈலியன் என்பார், மாசிடோனியா நாட்டு ஆறொன்றில் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடிப்பாரைப் பற்றி எழுதியுள்ளார். ஆங்கில நாட்டில் தூண்டில் பற்றிய முதல் அச்சு நூல் 1496-இல் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் அம்மையார் இயற்றியதாக அதனைக் கூறுவர். பன்னிரண்டு வகைப் பொய்ப்பூச்சிகளைக் கட்டும் முறை அதில் உண்டு. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் 1653-இல் தோன்றியது. இவையனைத்தும் ஆறும் ஓடையும் பற்றியவையே. உப்புநீரில் இம்முறையைக் கையாளுவது மிகவும் பிற்காலத்து வழக்கம். அமெரிக்கரான ஜோ புரூக்ஸ் கடல்நீரில் இறகுத் தூண்டில் பற்றித் தனி நூல் வெளியிட்டது 1950-இல்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் கொடுத்தனர் என்று நண்பர் கூறியதற்குச் சான்று தேடுவோர் முதலில் கண்டெடுப்பது ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பாரின் பெயரையே. இவர் சென்னை மாகாணத்துச் சிவில் உத்தியோகஸ்தர். தென் கன்னட மாவட்டத்தின் கலெக்டராக மங்களூரில் இருந்தவர். இன்று கர்நாடகத்தின் துறைமுகமாக விளங்கும் மங்களூர், 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும்வரை சென்னையோடு இணைந்திருந்ததை நம் இளைஞர் பலர் அறியார். இந்தியாவில் தூண்டிற்கோல் என்னும் பொருள்படும் பெயரால் தாமஸ் எழுதிய ஆங்கில நூல் 1873-இல் வெளிவந்தது. பெரும்பகுதி மலையாறுகளில் வாழும் மாசீர் மீனைப் பற்றியது. ஆயினும், ஆறு கடலோடு கலக்கும் உப்பங்கழிகளில் மீன் பிடிப்பதற்கும் அவர் இடமளித்துள்ளார். நம் கரையில் காலா எனப்படும் மீனைப் பற்றி அங்கே எழுதுகிறார். அந்நூலைத் துரைமார் தம் பெட்டியில் வைத்துக்கொண்டே ஊர்மாறிச் சென்றனர் போலும். அவர் காலத்திலேயே மீண்டும் மீண்டும் அச்சாயிற்று.

தாமஸிடம் யான் மதிப்பது அவருடைய கோலையன்று. 1870-இல் அவர் தென் கன்னடத்து மீன் வளம் பற்றி அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். சிற்றாறுகளில் நஞ்சு கலந்தும் கண்ணிடுக்கான வலைகளால் அரித்தும் மீன்குஞ்சுகளை அழிப்பதனால் ஆறுகள் வறண்டுவிடும் என்று எச்சரித்தார். அக்காலத்தில் வேறு கவலையும் எழுந்திருந்தது. கொள்ளிடத்திலும் பிற ஆறுகளிலும் எழுந்த அணைகள், கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் உல்லம் மீனை மறித்துவிட்டன என்பது அது. அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனே அதனை அரசாங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார் என்பது அவர் பெருமைக்குச் சான்று. அதனை ஆராய அமர்த்தப்பட்டவர் சென்னை இராணுவ வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே. இவர்கள் தொடங்கிய முயற்சி, வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுத்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. இன்பத்திற்காக மீன் பிடித்தவர்களே மீன் அழியாதிருக்க வழி தேடினர். இதனை அவர்களுக்குரிய புகழாகவே எழுதுகிறேன்.

ஆனால், இன்பத்திற்காகத் தூண்டில் ஏந்தியது அவர்களே முதலில் என்பது பிழை. அப்பிழையைக் காட்டும் சான்று நாம் வாழும் இக்கர்நாடக மண்ணிலேயே உள்ளது. பீதர் மாவட்டத்து பசவகல்யாணம் பண்டைக் காலத்தில் கல்யாணி எனப்பட்டது; மேலைச் சாளுக்கியரின் தலைநகரம். ஆறாம் விக்கிரமாதித்தனின் மகனாகிய மூன்றாம் சோமேசுவரன் அங்கு ஆண்டவன். கி.பி. 1130-ஐ ஒட்டி அவன் வடமொழியில் மானசோல்லாசம் என்னும் பெருநூல் இயற்றினான். அரசியல், சமையல், இசை, யானை, மருந்து என்று அதில் இல்லாத பொருளில்லை. அரசனுக்குரிய பொழுதுபோக்குகளைக் கூறும் பகுதியில் மத்ஸ்யவிநோதம் என ஒரு பிரிவு உண்டு. மீனின் இன்பம் என்று பொருள் கொள்ளலாம்.

அப்பிரிவில் அரசன் கூறுவது வியப்பை ஊட்டுகிறது. கடல்மீன், ஆற்றுமீன் என வகுத்துக்கொண்டு முப்பதுக்கு மேற்பட்ட மீன்களைப் பெயர் சொல்லி எடுத்துரைக்கிறான். எந்த மீன் எவ்விடத்தில் உலவும், அதற்கு எவ்விரை உவப்பு, அதனை ஓரிடத்தில் உணவிட்டுப் பழக்குவது எங்ஙனம் என்று விவரிக்கிறான். மூங்கிற்கோலுக்கும் நாரால் திரித்த கயிற்றுக்கும் முள்ளுக்கும் இலக்கணம் வகுக்கிறான். இவ்வளவும் ஆங்கில நாட்டு அம்மையாரின் நூல் அச்சேறுவதற்கு முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன். மீனியல் அறிஞரான சுந்தர்லால் ஹோரா 1951-இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அறிவுலகம் இதனை நன்கு கவனித்தது. எட்டு நூற்றாண்டுகளாக ஏட்டில் உறங்கியதை எண்ணும்போது, நம்மவர்க்கு விளையாட்டில்லை என்று நண்பர் கூறியதைக் குற்றமாகக் கொள்ள மனம் வரவில்லை.

அரசர் நூலை விடுத்து நம் தமிழ்நூல்களுக்கு வருவோம். அகநானூற்றில் 36-ஆம் பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. மருத நிலத்துக் குளம். வரிகள் நிறைந்த ஆண் வரால் ஒன்று வளைந்த இரும்பிலிருந்த இரையை விழுங்கிவிட்டது. உடனே அது துள்ளியெழுந்த வேகத்தில் ஆம்பல் இலை கிழிகிறது, குவளைப் பூக்கள் சிதைகின்றன, வள்ளைக்கொடி சிக்கலாகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான்; மீன் வரவில்லை; கயிறு பூட்டிய முரட்டுக் காளைபோல் குளத்தையே கலக்குகிறது. மீன் கடித்த பின் கோலைப் பிடித்திருப்பவன் நெஞ்சு எவ்வாறு துடிக்கும் என்பதை அறிந்தவரே இங்ஙனம் பாட இயலும். இன்றைய தூண்டில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் பெருமையுடன் கூறிக்கொள்ளும் கதைகளெல்லாம் இதுவே அன்றோ? மீன் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் நக்கீரர் கூட்டிச் சொல்லவில்லை!

இது குளம், கடலுக்குக் குறுந்தொகை 304-ஆம் பாட்டைக் காணலாம். கணக்காயன் தத்தனார் பாடியது. உலர்ந்த மூங்கிற் காம்பில் கூரிய உளியைச் செருகித் திமிலில் நிற்கும் பரதவர் கொம்புடைய மீன்மேல் எறியும் காட்சி அதில் வருகிறது. கடலில் மீன் பிடிக்கும் கருவியின் உறுப்புகளை ஒரு கொல்லன் பட்டறையிலிருந்து பார்ப்பது போலப் புலவர் பார்த்திருக்கிறார்.

திருவள்ளுவரும் தூண்டிலை அறிந்தவரே. சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், சூதில் கிட்டிய வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். இரும்பைக் குறிக்க அவர் இட்ட சொல் பொன் என்பது. உலோகம் யாவற்றிற்கும் அச்சொல் பண்டு வழங்கிற்று. இரையால் மறைக்கப்பட்ட இரும்பு என்று பரிமேலழகர் உரை வகுத்தார். அதுவே அறிஞர் வழக்கு. ஆயினும், குறளில் இரை என்னும் சொல் இல்லை என்பதை யான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. இரையே இல்லாமல் இரும்பின் மினுக்கை மட்டும் நம்பி மீன் விழுங்குவதும் உலகில் உண்டு. இலட்சத்தீவுகளில் தெற்கே உள்ள மினிக்காய் அதற்குச் சான்று. 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தீவு அது. அங்கு சூரை பிடிப்போர், உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் இறைத்துச் சூரைக் கூட்டத்தைப் படகருகே அழைப்பர்; நீரைத் தெளித்துச் சிறுமீன் துள்ளுவதுபோல் ஓசை செய்வர்; பின், குறுக்கு முனையற்ற பளபளப்பான முள்ளை வெறுமனே நீரில் இழுப்பர். சூரை அதனைச் சிறுமீனென்று எண்ணிக் கவ்வும். கோலை ஒரு வீச்சில் பின்னுக்கு எறிந்தவுடன் மீன் தானே கழன்று படகில் விழும். குமரி மாவட்டத்துக் கரைகளிலும் முள்ளின்மேல் மினுங்கும் நாரிழையைக் கட்டி மீனை ஏய்ப்போர் உண்டு. இறகுத் தூண்டிலின் உட்கருத்தும் இதுதானே? உரையாசிரியரோடு வாதிட யான் வல்லேனல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். கடற்கரையில் பிறந்த எவரேனும் இக்குறளுக்கு உரை எழுதியிருந்தால் இந்த இரும்பு சற்று மினுங்கியிருக்கும் என்று மட்டும் எண்ணுகிறேன்.

இவ்வளவும் நண்பருக்கு எதிரான சான்றுகள். இனி, அவருக்குச் சார்பான சான்று ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில், காவிரி கடலொடு கலக்கும் துறையில் பரதவர் கொண்டாடும் நாளொன்று வருகிறது. முழுமதி நாள், அன்று அவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர். தாழைமலர் சூடுகின்றனர், பனங்கள் பருகுகின்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் உடன் ஆடுகின்றனர். நண்டை ஓட்டுவதும் அலையில் பாய்வதும் மணலில் பாவை செய்வதும் ஆகப் பகல் கழிகிறது. நம் காலனிப் பிள்ளைகள் கடற்கரைக்குச் சென்றால் செய்வனவற்றுள் ஒன்றுகூட அங்கு விடுபடவில்லை. ஆனால், அவ்வின்ப நாளில் எவரும் மீன் பிடிக்கவில்லை! மீனைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இன்பம் என்பது அன்று ஒரு நாள் மீனை விட்டுவிடுவது. சாளுக்கிய அரசனுக்கும் மங்களூர்க் கலெக்டருக்கும் விளையாட்டாயிருந்தது பரதவர்க்கு விளையாட்டாக இல்லை. நண்பர் கூறியதில் மெய்யான பகுதி இதுவே. கலையேது என்று அவர் கேட்டாரே, அதுதான் பிழை.

அக்கலையைப் பார்க்கும் பேறு சென்ற மாசித் திங்களில் எமக்கு வாய்த்தது. இளைஞர் தம் கோலுடனும், நண்பர் தம் ஐயத்துடனும், யானும் இன்னும் இரு குடும்பத்தாரும் பிள்ளைகளுமாக இரவு வண்டியில் மயிலாடுதுறை சென்று, அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி அடைந்தோம். 1926-இல் தொடங்கிய மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் கிளைப்பாதை 1980-களில் நிறுத்தப்பட்டிராவிடின் கடற்கரைவரை வண்டியிலேயே சென்றிருப்போம் என்று யான் கூற, பிள்ளைகள் சிரித்தனர். இரயில்வேக்காரன் எங்கு சென்றாலும் தண்டவாளத்தைத் தேடுவான் என்பது அவர்கள் கேலி.

தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய ஊர் என்றும், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் என்றும் அனைவரும் அறிவர். மீன்களின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. அங்கு 1771 முதல் 1813-இல் மறையும்வரை மிஷன் ஊழியம் புரிந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியர், கரையில் அகப்பட்ட மீன்களைப் பதப்படுத்தி பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் என்பாருக்கு அனுப்பி வந்தார். பிளாக் அவற்றை வரைவித்து, பெயரிட்டு, உலகறியச் செய்தார். கத்தாளை மீனினத்திற்கு ஜான் நினைவாக ஜோனியஸ் என்று 1793-இல் பெயர் சூட்டினார். அவ்வினத்துள் ஒரு மீனின் இரண்டாம் பெயர் கருட்டா. தரங்கம்பாடிக் கரையில் கருத்த கத்தாளை என்று நம்மவர் சொன்னது இலத்தீன் உடையுடுத்து இன்றும் உலகெங்கும் உலவுகிறது. அனுப்பியவர் பெயர் மீனில் நிற்கிறது. பெயரிட்டவர் பெயர் நூலில் நிற்கிறது. விடியலில் மீனைக் கொணர்ந்து, இது இன்ன மீன் என்று சொல்லிக் கொடுத்த பரதவரின் பெயர் எங்கும் இல்லை. பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலிலும் பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயர் உண்டு; பெயர் சொன்னவர் இல்லை.

அவ்வூர்க் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. கி.பி. 1306-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதன் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டது. எஞ்சியதைக் காக்கக் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் அவ்வூரும் சுற்றுக் குப்பங்களும் பட்ட துயரை ஈண்டு விரித்துரைக்க மனம் வரவில்லை. கல் கொட்டிய இடத்தில் மணல் இல்லை; மணல் இல்லாத இடத்தில் கரைவலை இழுக்க இயலாது. எனவே, வடக்கே மணற்கரையுள்ள ஒரு குப்பத்திற்கு நடந்தோம்.

இளைஞர் முழங்காலளவு நீரில் நின்று கோலைச் சுழற்றத் தொடங்கினார். காண அழகாகத்தான் இருந்தது. ஆனால், காலையிலும் கடற்காற்று முகத்தில் அடித்தது. கயிறு முன்செல்லாமல் திரும்பி வந்து அவர் தொப்பியைக் கவ்வியது. ஒரு நாழிகைக்கு மேல் முயன்றும் ஒரு மீனும் கடிக்கவில்லை. படகு மறைவில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன தம்பி, மீனுக்கு விசிறி வீசுறீங்களா?” என்றார். யாம் சிரித்தோம், இளைஞரும் சிரித்தார்.

பின்னர், பெரியவர் கடலைக் கை நீட்டிக் காட்டினார். வெண்ணுரையாக அலை உடையும் இடத்திற்கும் கரைக்கும் நடுவே, ஓரிடத்தில் மட்டும் நீர் நுரையின்றிக் கருத்திருந்தது. “அலை உடையறது மேடு. உடையாத இடம் பள்ளம். தண்ணி அதுலதான் திரும்பிப் போகும். மீன் அதுலதான் வரும். நீங்க மேட்டுல தேடுறீங்க” என்றார். நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கடலைப் பார்த்திருக்கிறேன். அப்பள்ளத்தை அன்றுதான் பார்த்தேன். அவர் தம் இடுப்பிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். அதில் தங்கூசி நரம்பு சுற்றியிருந்தது, கோல் இல்லை. சிறு இறால் துண்டைக் கோத்து, ஈயத்தைத் தலைக்குமேல் இருமுறை சுழற்றி அப்பள்ளத்தில் போட்டார். நரம்பு அவர் சுட்டுவிரலில் தங்கியிருந்தது. சற்றைக்கெல்லாம் விரல் ஒருமுறை அசைந்தது. கைக்குக் கை இழுத்தார். வெள்ளிபோல் ஒரு கிழங்கான். அரை நாழிகையில் ஐந்து.

நண்பர் அதுவரை பேசவில்லை. “இதனை எங்குக் கற்றீர் ஐயா?” என்று வினவினார். பெரியவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “கத்துக்கிறதா? பசிக்கும்ல” என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். வயிற்றுக்காகத்தான் பிடித்தனர் என்று அவர் கூறியதும், அதில் கலையேது என்று கேட்டதும் ஒரே விடையில் அங்கு நின்றன.

அகப்பட்ட மீனை மீண்டும் கடலில் விடுவதே மேல்நாட்டு வழக்கம் என்று இளைஞர் கூறியபோது பெரியவர் நெடுநேரம் எண்ணினார். குஞ்சை விடுவது தமக்கும் வழக்கமே என்றார். பெரியதை விடுவானேன் என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஆழ்கடல் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதை யான் எடுத்துக் கூறினேன். அத்தடை முடிந்த மறுவாரமே விட்ட மீனையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று கூறி அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் இளமையில் கையளவு ஆழத்திலேயே காலா வரும் என்றும், இப்போது அதனைக் கண்டு வெகுநாளாயிற்று என்றும் சொன்னார்.

வெயில் ஏறும்போது கரைவலை இழுக்கத் தொடங்கினர். வலையின் ஒரு கயிறு கரையில் நிற்க, படகு வளைந்து சென்று மறு கயிற்றைத் தொலைவில் கொண்டுவந்து சேர்க்கும். இருபுறமும் ஆட்கள் கயிற்றைப் பற்றி, பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இருவரிசையும் ஒன்றையொன்று நெருங்கும். முடிவில் மடி கரையேறும். பிள்ளைகள் அம்பாப் பாட்டின் ஓசை கேட்டு ஓடி, கேளாமலே கயிற்றைப் பற்றிக்கொண்டனர். யாமும் பற்றினோம். ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. எழுதுகோல் பிடித்துப் பழகிய என் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. மடியில் நெத்திலியும் காரலும் சில கத்தாளையும் நண்டும் இருந்தன. இவ்வளவு பேர் உழைப்புக்கு அது மிகவும் குறைவு என்பதைக் கூட்டத்தின் மௌனமே கூறிற்று. வலைக்குரியவருக்கு இவ்வளவு, இழுத்தவர்க்கு இவ்வளவு என்று மணலிலேயே பங்கு பிரித்தனர். பெரியவர் நம் பிள்ளைகளை அழைத்து வரிசையில் நிற்க வைத்தார். வேண்டாம் என்று யாம் எவ்வளவோ மறுத்தோம். “கயிறு தொட்டாங்கல்ல?” என்று கூறி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைப்பிடி நெத்திலி அளந்தார்.

புறப்படும்போது இளைஞர் தம் பெட்டியைத் திறந்து, வெண்ணிறகால் கட்டிய முள் ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்தார். அவர் அதனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கோழி என்று கேட்டார். பின், தம் நரம்பின் நுனியிலிருந்த பழைய முள்ளை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஈயத்திற்குக் கீழே இவ்விறகைக் கட்டினார். யாம் மணல்மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அலை உடையாத அப்பள்ளத்தை நோக்கி அவர் கை சுழன்றுகொண்டிருந்தது.